சர்க்கரை போடாத மாவு

இந்த முறை உதிரக் கூடாது. முதல் முறை உதிர்ந்தது. தட்டிலிருந்து எடுக்க எடுக்க ஒவ்வொன்றும் மணலாகப் போய், என் வீட்டுக்காரர் பரணி அதை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது வாணி, பிஸ்கட்டுன்னு மட்டும் சொல்லாத" என்றார். இரண்டாம் முறை கல்லாகிவிட்டது. இது மூன்றாவது. வறுத்த நிலக்கடலையை விட்டு விட்டுத்தான் மிக்ஸியில் ஓட்ட வேண்டும், ஒரே ஓட்டாக ஓட்டினால் சூட்டில் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும் என்று கீழ்வீட்டு எஸ்தர் அக்கா சொன்னது சரிதான், இன்றைக்குப் பொடி பொடியாகவே இருக்கிறது. கொஞ்சம் கோதுமை மாவு, கொஞ்சம் ராகி, துருவிக் காயவைத்த தேங்காய், ஏலக்காய், வெண்ணெய். பிடிப்புக்கு மட்டும் ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம், அதுவும் விரல் விட்டு எண்ணி. சர்க்கரை கிடையாது. வெல்லம் கிடையாது. தேன் கிடையாது. நாட்டுச்சக்கரை கிடையவே கிடையாது. இந்த வீட்டில் அதைச் சொல்வதுதான் கஷ்டம். அத்தை பிறந்தது கவுந்தப்பாடி, அவர் அப்பாவுக்குக் கரும்புக் காடும் ஆலையும் இருந்தது, வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்றால் ஒப்புக்கொள்வார், நாட்டுச்சக்கரை கெடுதல் என்றால் தன் அப்பாவையே யாரோ குறை சொன்னது போல முகம் போய்விடும். "அது ஒண்ணும் பண்ணாது கண்ணு, அது மண்ணுல வெளையறது" என்பார். எல்லாமே மண்ணில்தான் விளைகிறது அத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், வெளியே சொன்னதில்லை. மாவு கையில் ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம் கடலைப் பொடி. பிசையக் கூடாது, சேர்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். போன தடவை கல்லானதே நான் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரிப் பிசைந்ததால்தான். எனக்கு எதையும் விட்டுவிட்டுச் செய்யத் தெரியாது, கைக்கு வந்தால் முழு பலத்தையும் போட்டுவிடுவேன். இன்றைக்கு மெதுவாக. மெதுவாக, ஆனால் விடாமல்.

நாளைக்கு எனக்குக் கட்டுச்சோறு விருந்து, எங்கள் பக்கத்து வளைகாப்பு. அம்மா வீட்டிலிருந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் அடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், வளையல்காரர் வருவார், மாமன் வீட்டுச் சீர், பெரியம்மாக்கள், அத்தையின் நாத்தனார்கள். ஒவ்வொருவரும் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு வாயில் ஓர் இனிப்பை வைப்பார்கள். ஆளுக்கு ஒரு விள்ளல்தான் என்பார்கள். ஆட்களை நினைத்துப் பார்த்தால் அந்த விள்ளல்களெல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் நல்ல நாளில் வேண்டாம் என்று சொல்லுகிறாள் என்று ஆகிவிடும். இதை யோசித்து யோசித்து ஒரு நாள் ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதுதான் தோன்றியது, வேண்டாம் என்று எதற்குச் சொல்ல வேண்டும், தட்டையே மாற்றிவிடலாம். தட்டில் நான் சுட்டது மட்டும்தான் இருக்கும். சின்னச் சின்னதாக, பொட்டு அளவுக்கு. அவர்கள் ஊட்டட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன், சிரித்துக்கொண்டே. அத்தையிடம் சொன்னபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல காரியத்துல இனிப்பில்லாம எப்படி கண்ணு ஊட்டறது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். "நெனச்சுக்கட்டுங்கத்தை" என்றேன். "எங்க பெரிய நாத்தனா ஒரு வார்த்தை பேசுனா ஊரெல்லாம் கேக்கும்." "அவங்களுக்கு லட்டு குடுங்க. எனக்கு இது." அத்தை முறத்தைக் கீழே வைத்தார், தவிட்டை ஊதினார், மறுபடி எடுத்தார். அன்று சாயங்காலம் எஸ்தர் அக்காவின் ஓவனை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தது அத்தைதான். நான் குனியக் கூடாது என்று.

எஸ்தர் அக்கா இன்னொன்றும் சொன்னாள். சர்க்கரை வெறும் ருசிக்கு மட்டும் இல்லையாம். சூட்டில் உருகி மாவைப் பரவ வைப்பது அதுதான், ஓரத்தைச் சிவக்க வைப்பதும் மொறுமொறுப்பும் அதுதான். சர்க்கரை போடாத மாவு பரவாது. நீ எந்த அளவுக்கு அழுத்தி வைக்கிறாயோ அதே அளவில்தான் வெந்து வரும், உருண்டையாக வைத்தால் உருண்டையாகவே நடுவில் வேகாமல் நிற்கும், ஆகவே நீயே தட்டையாக்கி வை, முள்கரண்டியால் கோடு போட்டு வை என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. வைத்தது வைத்தபடி இருக்கிற ஒன்று. ஒவ்வொன்றாக உருட்டி, உள்ளங்கையில் தட்டி, தட்டில் வைத்து, முள்கரண்டியால் ஒரு அழுத்து. கோடு விழுகிறது. அடுத்தது. இந்த மூன்று மாதமாக நானும் இப்படித்தான் இருக்கிறேன், எதையும் பரவ விடாமல். சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நடை, வெயிலானாலும் நடை, துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே. பிறகு சர்க்கரை பார்க்க விரலில் ஊசி. இடது கையில் எந்த விரலும் பாக்கி இல்லை. ராத்திரி வயிற்று ஓரத்தில் இன்சுலின். டாக்டர் ஹேமலதா என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு கட்டுப்பாடா யாரும் இருக்க மாட்டாங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். குழந்தை கையில் வந்த பிறகு சிரிக்கிறேன் டாக்டர் என்று சொல்லவில்லை. போன தடவை நான் நிறையச் சிரித்தேன். போன தடவை சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வயிறு பெரிதாக இருக்கிறது, பையன்தான், இரண்டு பிள்ளையாகக்கூட இருக்கும் என்று கேலி பேசினார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கு மேல் நினைக்க வேண்டாம். முள்கரண்டி. அழுத்து. அடுத்தது. கைக்கு ஏலக்காய் வாசம் அடிக்கிறது, வெண்ணெய் நகத்துக்குள் போயிருக்கிறது. ஓவனில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, சூடு போதும். தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். முழங்கை வயிற்றில் இடித்தது. பொதுவாக இப்படி இடித்தால் உள்ளேயிருந்து ஒரு பதில் வரும், இடித்த இடத்திலேயே ஒரு குத்து, யாரு என்று கேட்பதுபோல.

வரவில்லை. தூங்குகிறது. காலையில் இட்லி சாப்பிடும்போது அசைந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, இடது பக்கம் விலாவுக்குக் கீழே, குதிகாலோ முழங்காலோ ஒன்று உருண்டு போனது, அத்தை சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார், நான் வயிற்றில் கை வைத்ததைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு நடந்தேன். நடக்கும்போது அது தூங்கும், ஆட்டிவிட்ட மாதிரி இருக்குமாம். அதற்குப் பிறகு கடலை வறுத்தேன், தோல் நீக்கினேன், மிக்ஸி ஓட்டினேன். மிக்ஸி ஓட்டும்போது ஒரு தடவை துள்ளும், அந்தச் சத்தம் அதற்குப் பிடிக்காது. இன்றைக்குத் துள்ளியதா? நான் பொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளியிருக்கும். நின்றுகொண்டிருந்தால் தெரியாது, படுத்தால் தெரியும். ஹாலில் பாய் விரித்து இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். மின்விசிறி ஓடுகிறது. ஓவனிலிருந்து மெதுவாக வறுத்த வாசம் வருகிறது, தேங்காய் முதலில், கடலை அப்புறம். இந்த வாசம் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வாசம் மனசை இழுக்கிறது, நான் கவனிக்க வேண்டியது வயிற்றுக்குள். வயிற்றை ஒரு பக்கம் மெல்லத் தள்ளினேன். தள்ளிய பக்கம் போனது, திரும்பி வந்தது, தண்ணீரில் மிதக்கிற ஒன்றைத் தள்ளினால் திரும்பி வருகிற மாதிரி. அது அசைவு இல்லை. அது நான் தள்ளியது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். போன தடவையும் நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், திரும்பி வந்தது, அசையுது அசையுது என்று சொன்னேன்.

நினைக்க வேண்டாம் என்றால் நிற்காது, வரட்டும். அன்றைக்கும் ஒரு பகல்தான். இதே ஹால். பிள்ளை அசையவில்லை என்று நான் சொன்னதும் அத்தை பதறவில்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள், நான்கு பிள்ளை பெற்றவர், அடுப்பில் பாலை வைத்தார், நாட்டுச்சக்கரை ரெண்டு கரண்டி போட்டு ஆற்றிக் கொடுத்தார். "குடிச்சுட்டு சாஞ்சு படு, இனிப்பு போனா புள்ள துள்ளும்" என்றார். குடித்தேன். துள்ளியது. நிஜமாகவே துள்ளியது, ஒரே ஒரு தடவை, நான் கத்திவிட்டேன், அத்தை சிரித்தார், பரணிக்கு போன் போட்டுச் சொன்னோம். அந்த ஒரு துள்ளலை நம்பி எல்லோரும் தூங்கினோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் மிஷினை வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள், மறுபடி மாற்றி வைத்தாள். "மிஷின் பழசுக்கா, வேற கொண்டாறேன்" என்று எழுந்து போனாள். மிஷின் புதிது. பெண் குழந்தை. முகத்தைப் பார்த்தேன், பரணியின் நெற்றி. பிறகு ஒரு நாள் டாக்டர் ஹேமலதா என்னை உட்கார வைத்துச் சொன்னார், அந்தப் பாலால் ஒன்றும் ஆகவில்லை, அதை மனசில் வைத்துக்கொள்ளாதீங்க, உங்க சர்க்கரை யாருக்கும் தெரியாம ஏறியிருந்தது, அடுத்த தடவை அசைவு குறைஞ்சா எதையும் குடிச்சுப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்காதீங்க, வந்துடுங்க, ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் போனாலும் பரவாயில்ல, பத்துத் தடவை வந்தாலும் திட்ட மாட்டேன். அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. அத்தையும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து அவர் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. கவுந்தப்பாடிக்காரர். யாராவது கேட்டால் வயசாச்சு என்பார். பரிசோதனை செய்து பார்த்ததில் அவருக்குச் சர்க்கரை கிடையாது.

இப்போது என்ன செய்கிறேன். படுத்திருக்கிறேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, கடலை வாசம் தூக்கலாக வந்துவிட்டது. ஏதாவது குடித்தால் துள்ளும். அலமாரியில், மேல் தட்டில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. எட்டினால் எடுத்துவிடலாம். ஒரு கரண்டி, தண்ணீரில். துள்ளினால் நிம்மதி, பிஸ்கட்டை எடுத்து ஆற வைக்கலாம், நாளைக்கு எல்லாம் நடக்கும், யாரையும் பதற வைக்க வேண்டியதில்லை, விருந்துக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்ற பேச்சும் இல்லை. துள்ளாவிட்டால்? துள்ளினாலும்தான் என்ன. ஒரு துள்ளலின் விலை எனக்குத் தெரியும். பயந்தவள் எதைப் பார்த்தாலும் பயப்படுவாள் என்று பெரியம்மா சொல்வாள், சொல்லட்டும். தேவையில்லாமல் போனேன் என்று ஆனால் சிரிக்கட்டும். நான் எழுந்திருக்கப் போகிறேன். கையை ஊன்றி, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து. அத்தை பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார், போய் என்ன சொல்வது, அத்தை அசையலீங்க என்றால் கொஞ்ச நேரம் பாரு கண்ணு என்பார், நான் பார்த்துட்டேங்கத்தை என்பேன், ஒரு டம்ளர் பால் என்பார், வேண்டாங்க என்பேன், அவர் முகம் போகும், போகட்டும், இந்த ஒரு தடவை யார் முகம் போனாலும் போகட்டும்.

சமையலறை வாசலுக்கு வந்தபோது அத்தை அங்கே நின்றிருந்தார். கை ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"அத்தை."

"பாய் விரிச்சப்பவே பாத்தேன்" என்றார். "எப்ப இருந்து கண்ணு?"

"காலையில அசைஞ்சுது. அப்பறம் தெரியலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாங்கத்தை. எதுவும் குடிக்க வேண்டாம். இப்பவே போலாம்."

நான் தயாராக வைத்திருந்த பதில்கள் எதற்கும் வேலை வரவில்லை. "ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், கீழ வந்து நிக்குது. செருப்ப மட்டும் போடு, சேலை மாத்த வேண்டாம்" என்றார் அத்தை. மஞ்சள் பையில் என் ஃபைலை ஏற்கெனவே வைத்திருந்தார்.

ஓவனை அணைத்தேன். சுவரில் பிளக்கையும் பிடுங்கினேன். கண்ணாடிக்குள்ளே தட்டு தெரிந்தது, எல்லாம் வைத்தது வைத்தபடி, வெளுப்பாக, பாதி வெந்து. படியில் அத்தை எனக்கு ஒரு படி முன்னால் இறங்கினார், பக்கவாட்டாக, விழுந்தால் தன் மேல் விழட்டும் என்பதுபோல.

பெருந்துறை ரோட்டில் இந்த நேரத்தில் கூட்டம் இருக்காது என்று ஆட்டோக்காரர் சொன்னார், இருந்தது. மஞ்சள் லோடு ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டே இருந்தது, முடியாத திருப்பம். பரணிக்கு போன் போட்டேன், பல்லடத்தில் ஒரு கடையில் மோட்டார் பம்பு இறக்கிக்கொண்டிருந்தார், பின்னால் இரும்பு உருளுகிற சத்தம். "மாமா, அசைவு கொறவா இருக்குது, நானும் அத்தையும் ஆஸ்பத்திரி போறோம்." அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் நின்றது. "நான் வர்றேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, அதுவே போதும், கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அழ எனக்கு இப்போது இடமில்லை. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். ஆட்டோ குலுங்குகிறது, ஒவ்வொரு குலுங்கலுக்கும் வயிறு குலுங்குகிறது, எது ஆட்டோ எது குழந்தை என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். இனி நான் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை, அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை, அதை நான் செய்துகொண்டிருக்கிறேன். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிக்னல். ஒரு பேக்கரி, கண்ணாடிக்குப் பின்னால் பச்சையும் ரோஸும் கேக்குகள். ஒரு பள்ளிக்கூட பஸ். சாம்பார் வெங்காயம் குவித்த வண்டி. எல்லாம் அதன் அதன் வேலையில் இருக்கிறது. நான் சாப்பிடாத எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, வருஷப்பிறப்பன்று தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்தது, மாம்பழ சீசன் முழுக்க வாசத்தை மட்டும் பிடித்தது, தண்டமாகப் போய்விடுமா அதெல்லாம், ஒழுங்காக இருந்ததற்கு ஒரு கணக்கு இருக்காதா, இருக்காது, எதற்கும் அப்படிக் கணக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஒழுங்காக இருந்தேன், இனியும் இருப்பேன். அத்தை என் முழங்கையைப் பிடித்திருந்தார். வெங்காயம் உரித்த கை. அந்தக் காரம் கண்ணில் ஏறியது, நல்லதாகப் போயிற்று, இரண்டு பேருக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம்.

படுக்க வைத்தார்கள். நர்ஸ் சின்னப் பெண், பெயர் அட்டையில் ஜெனிபா என்று இருந்தது. குளிர்ந்த ஜெல்லைத் தடவி மிஷினை வைத்தாள். கரகரவென்று சத்தம். என் மூச்சு. அவள் கை நகர்ந்தது. கூரையில் பிளாஸ்டர் ஓர் இடத்தில் பெயர்ந்திருந்தது, அதன் ஓரத்தையே பார்த்தேன், அந்த ஓரம் ஒரு கடற்கரைபோல வளைந்து போனது, அதிலேயே போய்க்கொண்டிருந்தேன். இடம் மாற்றுகிறாள். மிஷின் பழசு என்று சொல்லாதே, எதை வேண்டுமானாலும் சொல், அதை மட்டும் சொல்லாதே. அத்தை சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கை நகர்ந்தது, கீழே, வலது பக்கம், அழுத்தி.

வந்தது. வேகமாக, அவசர அவசரமாக, நிற்காமல். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "இங்க ஒளிஞ்சுட்டு இருக்குதுக்கா" என்றாள் ஜெனிபா. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கேட்பதற்கு மட்டும் இருந்தது. துடிப்பைப் பதிய வயிற்றில் பெல்ட்டைக் கட்டிவிட்டுப் போனார்கள், காகிதத்தில் கோடு ஓடியது. துடிப்பு இருக்கிறது, ஆனால் கோடு மேலே ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹேமலதா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டுல ஏதாச்சும் குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர். நேரா வந்துட்டோம்."

"நல்லது" என்றார். ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பினார். "பனிக்கொடத் தண்ணி நல்லா கொறஞ்சிருக்குது வாணி. கொழந்த உள்ள சோர்ந்து போயிருக்கு. இன்னிக்கு நல்லா இருக்குது, நாளைக்கும் இப்படியே இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மாசம் போதும். சாயங்காலமே ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்."

"எடுத்துருங்க" என்றேன். அவர் இன்னும் விளக்கத் தயாராக இருந்தார், நான் கையெழுத்துப் போடக் கையை நீட்டியதும் பேனாவைக் கொடுத்தார்.

வெளியே அத்தை போனில் பேசுவது கேட்டது. பெரிய நாத்தனார். அந்தப் பக்கம் நிறையக் கேள்விகள், அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "விருந்து இல்லீங்கக்கா. வளையலும் இல்ல. புள்ள வருது. நல்ல நேரமெல்லாம் டாக்டரம்மா பாத்துக்குவாங்க. நீங்க எல்லார்த்துக்கும் சொல்லிருங்க." பிறகு பரணியைக் கூப்பிட்டு, "நேரா இங்க வராத. ஊட்டுக்குப் போயி என்ற பீரோவுல கீழ் தட்டுல துணிப் பை ஒண்ணு இருக்குது, எடுத்துட்டு வா" என்றார். எனக்குப் புரியவில்லை. போன தடவை வாங்கிய சட்டைகளை எங்கோ கொடுத்துவிட்டோம், இந்தத் தடவை ஒன்றுமே வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலேயே யாரும் வாங்கவில்லை. பரணி வந்தபோது பையைப் பிரித்தார்கள். அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகள் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்து, துவைத்து மடித்து வைத்திருந்தன. எப்போது உட்கார்ந்து தைத்தாரோ. பையோடு ஒரு டிபன் பாக்ஸும் இருந்தது. "பாதியில கெடந்துச்சு, மறுபடி பிளக்கை மாட்டி விட்டேன்" என்றார் பரணி. "உதிரல." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, பிஸ்கட்டைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் அப்படி உடையாது. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அத்தை ஒன்றை எடுத்துப் பாதி கடித்து, மெதுவாக மென்றார். "கடலை வாசம் நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னார். பிறகு மீதிப் பாதியையும் சாப்பிட்டார்.

இடுப்புக்குக் கீழே என் உடம்பு என்னுடையதாக இல்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ இழுக்கிறார்கள், வலி இல்லை, இழுப்பு மட்டும். அழுகை கேட்க வேண்டும். கேட்கவில்லை. கேட்கவில்லை. உறிஞ்சுகிற ஒரு குழாய்ச் சத்தம். அப்புறம் கேட்டது, முதலில் ஒரு தும்மல்போல, பிறகு கோபமாக. "பொண்ணுங்க" என்றார்கள். துணிக்கு மேலே காட்டினார்கள், சிவப்பாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நான் அப்போது அழுதேன், கண்ணீர் காதுக்குள் போனது, துடைக்கக் கை வராது, யாரோ துடைத்துவிட்டார்கள். அறைக்குக் கொண்டுவந்து மார்பில் வைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. ஜெனிபா ஒரு சின்ன ஊசியோடு வந்து குழந்தையின் குதிகாலில் குத்தினாள், ஒரு சொட்டு எடுத்து அந்த மிஷினில் வைத்தாள், என் தலைமாட்டில் மூன்று மாதமாக இருக்கிற அதே மாதிரி மிஷின்.

"கொஞ்சம் கம்மியா இருக்குதுக்கா."

"எது?"

"பாப்பாவுக்குச் சுகர். சர்க்கரை இருக்கற அம்மாவோட புள்ளைங்களுக்கு இப்படி ஆகும். உள்ள இருக்கறப்ப உங்ககிட்ட இருந்து வந்துட்டே இருந்துச்சு, இப்ப அதுவாத்தான் இருந்துக்கோணும். பால் குடிக்க வைங்க. மறுபடி பாக்கறப்ப ஏறலைன்னா மேல வார்டுல வெச்சு குளுக்கோஸ் ஏத்தோணும்."

கம்மி. இத்தனை நாளும் அதிகம் அதிகம் என்று ஒரு பக்கமாகவே பயந்தேன், இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி. இதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள், பால், அது என்னிடம் இருக்கிறது, இல்லாவிட்டாலும் வர வைக்க வேண்டும். குழந்தை தூங்குகிறது. உதட்டில் வைத்தால் உதடு திறக்கவில்லை. கால் அசையாத உடம்பை ஒருக்களிக்க முடியவில்லை, அத்தை முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டைகொடுத்து, தானும் அண்டையாக உட்கார்ந்துகொண்டார். "பாதத்தைத் தேச்சுவிடு" என்றார். தேய்த்தேன். முகம் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது. ஈரத் துணியால் கன்னத்தைத் துடைத்தோம். அத்தை என் மார்பை அழுத்திப் பிழிந்து காட்டினார், மஞ்சளாக ஒரு சொட்டு வந்தது, தேனைவிடக் கெட்டி. அதை விரலில் எடுத்து உதட்டில் தடவினேன். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து தொட்டுவிட்டுப் போனது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. நான் விட மாட்டேன், உனக்குத் தூக்கம் வருகிறது, எனக்கும்தான் வருகிறது, குடித்துவிட்டுத் தூங்கு, நான் விட மாட்டேன். வாய் திறந்தது. பிடித்தாள். முதலில் சும்மா வைத்திருந்தாள், பிறகு ஓர் இழுப்பு, வயிற்றுத் தையல்வரை தெரிந்தது அந்த இழுப்பு. பிறகு நிறுத்தம். பிறகு இரண்டு இழுப்பு. அத்தை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கறாளா?" என்று கதவோரத்திலிருந்து பரணி கேட்டார்.

"பேசாத" என்றார் அத்தை.

ஜெனிபா மறுபடி வந்தபோது என் கை மரத்துப் போயிருந்தது. அடுத்த குதிகாலில் குத்தினாள். இந்தத் தடவை அழுகை வராண்டா முழுக்கக் கேட்டது. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் திரும்பவில்லை, மிஷினையே பார்த்தேன்.

"ஏறிருச்சுக்கா" என்றாள்.

"அப்படின்னா?" என்றார் அத்தை, சுவரைப் பார்த்தபடியே.

"மேல கொண்டுபோக வேண்டியதில்லைங்க. அம்மாகிட்டயே இருக்கட்டும்."

என் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள், குத்தின கோபம் தீரவில்லை, பசியும் தீரவில்லை. அத்தை என் தோளைத் தாங்கிப் பிடிக்க, நான் அவளை அடுத்த பக்கத்துக்கு மாற்றினேன்.